கேமராவுக்குக் கிட்டக்க

படத்தின் இடது பாதி வெந்துபோன மாதிரி வெளுத்துக் கிடந்தது. செங்கல்பட்டு ஆபீஸில், டிபன் டப்பாவைத் திறந்தபடியே வைத்துவிட்டு, சங்கரி செல்போனை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள். மற்றப் பாதியில் புதுப்பட்டினத்து வீட்டின் உள்ளறை. கட்டிலில், கண்ணில் கட்டோடு அப்பா தர்மராஜ். அவருக்கு ஒரு கண்ணில் பார்வை போய் வெகுகாலம். மற்றதில் போன வாரம்தான் ஆபரேஷன். கட்டையும் மீறிக் கூசுகிறது என்று பட்டப்பகலிலும் ஜன்னலைப் போர்வையால் மூடச் சொல்லியிருந்தார். அவரைத் தனியே பூட்டிவிட்டு வர மனசு கேட்காமல்தான் கேமராவே வாங்கினாள்.

சாயங்காலம், அதை மாட்டிக் கொடுத்த ஜெபகுமார் வந்தான்.

"இருட்டுல இது தானா ஒரு லைட் அடிக்கும்க்கா, நம்ம கண்ணுக்குத் தெரியாது. கிட்டக்க இன்னா இருந்தாலும் அந்த லைட்டு பட்டு வெள்ளையா எரிஞ்சிடும். தள்ளிப் போச்சுன்னா தெளிவா தெரியும்."

பீரோதான் ரொம்ப ஒட்டி நிற்கிறது என்றான். சுவரும் சாமானும் அண்டாத இடமாக, அறை வாசலுக்கு மேலே, கூரையை ஒட்டிக் கேமராவை மாற்றினான். எதிரே கண்ணாடி போட்ட முருகர் படம் மின்னியது. அதையும் கழற்றி ஹாலில் வைத்தான். அறை முழுக்க அழகாகத் தெரிந்தது.

மறுநாள் மத்தியானம் பார்த்தால் படம் மொத்தமும் வெள்ளை.

சங்கரி பேசும் பொத்தானை அழுத்தினாள். "அப்பா, சாப்ட்டியா?"

இரைச்சல். பிறகு அப்பாவின் குரல். "வூட்டுல இருந்துகினே இன்னாத்துக்கும்மா அந்த டப்பாவுல பேசுற? காலைலேர்ந்து வாசப்படியாண்ட நின்னு மூச்சு வாங்கிகினு கீற. கால் வலிக்கல? வந்து குந்து."

பக்கத்து வீட்டுப் பூங்கொடிக்குப் போன் அடித்தாள்; மணி போய்க்கொண்டே இருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

பஸ்ஸில் ஈரத்துணி வாடையும் டீசல் வாடையும் யாரோ வைத்திருந்த வாடிய மல்லியும் கலந்து வீச, ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி, மறு கையிலிருந்த அந்த வெள்ளைச் சதுரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கூரையை ஒட்டிய கேமரா அது. அந்த உயரத்துக்கு யார் நிற்க முடியும்?

திருக்கழுக்குன்றத்தில் ஆட்கள் இறங்கும்போது வெள்ளை சுருங்கத் தொடங்கியது.

முதலில் ஓரங்கள். கட்டிலின் கால். அப்பாவின் பாதம். நடுவில் வெள்ளை ஒடுங்கி, மங்கி, சாம்பலாகி, ஒரு முதுகானது. நீளமான முதுகு. அதன்மேல் ஈரமாய் ஒட்டிய முடி. தலை இருந்தது. தோளில் படுத்தாற்போல, ஒரு பக்கமாக.

தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. கட்டிலை நோக்கி.

அப்பா சுவரோரம் நகர்ந்து இடம் விட்டார். கையை நீட்டினார்.

படம் அப்படியே நின்றுவிட்டது. சிக்னல் இல்லை.

புதுப்பட்டினத்தில் இறங்கி எப்படி ஓடினாள் என்பது அவளுக்கே தெரியாது. வாசல் பூட்டு பூட்டியபடியே தொங்கியது. சாவி துவாரத்தில் நுழைய மறுத்தது. நுழைந்தது. ஹால் விளக்கைப் போட்டாள். உள்ளறைக் கதவைத் தள்ளினாள்.

வெளிச்சம் கட்டில்மேல் விழுந்தது. சுவரோரமாக அப்பா. பக்கத்தில் யாரும் இல்லை. ஆனால் மெத்தை அங்கே ஆழமாகக் குழிந்திருந்தது. அப்பாவின் விரல்கள் வெறுங்காற்றை இறுகப் பற்றியிருந்தன.

ஒரு காலை உள்ளே வைத்தாள்.

அப்பா அந்தக் குழிவின் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"யாரோ வந்த மாதிரி கீது," என்றார் மெதுவாக. "இன்னான்னு போய்ப் பாரு, சங்கரி."

அவருடைய விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன.

மெத்தை மெல்ல மேலெழுந்தது.