கறுத்த முட்டை

ஷிபு ஆம்லெட்டுக்கு உடைத்த முட்டைக்குள் வெள்ளையும் இல்லை, மஞ்சளும் இல்லை. மை போல ஏதோ வாணலியில் விழுந்து, எண்ணெய்ச் சத்தத்தை அமுக்கி, ஈரமண்ணும் பச்சைச் சோளத்தட்டையும் கலந்த வாடையோடு மெல்ல அசைந்தது.

"ஏட்டி, கெட்ட முட்டையவா வச்சிருக்க?"

"நம்ம கோழி காலம்பற இட்டதாக்கும்," என்றாள் மனைவி ஸ்மிதா முற்றத்திலிருந்து.

அடுத்ததும் கறுப்பு.

கறுத்த முட்டையை அவன் முன்பே பார்த்திருக்கிறான். பக்கத்து வயல் பெமிலா, மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழுவுக்காக, குளவி முட்டை ஒட்டிய காகித அட்டைகளை இலையடியில் பின் குத்தி வைத்திருந்தாள். அதிலிருந்து வரும் பொடிக்குளவிகள் புழுவின் முட்டைக்குள் தங்கள் முட்டையை வைக்கும், அது கறுக்கும், உள்ளே இருப்பதைத் தின்று தீர்த்து, துளை போட்டு வெளியே வரும்.

"பாத்தியளா அண்ணே, கறுத்தாச்சு! இனி ஒங்க மருந்து எனக்கு எதுக்கு?" என்று சிரித்தாள். ஊரே அந்த வயலைப் பார்க்கப் போனது. கொட்டாரம் கடைத்தெருவில் ஷிபுவின் பூச்சிமருந்துக் கடை வெறிச்சோடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் ஆராதனையில் இருந்தபோது, அவன் மருந்து டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு அவள் வயலில் இறங்கினான். குளவிகள் செத்தன. குருத்துக்குள் பதுங்கிய புழுக்கள் மிஞ்சின. சோளம் வெறும் நரம்பாக நின்றது.

பெமிலா அழவில்லை. கடை வாசலில் வந்து நின்றாள். "செத்தாலும் அதுவளுக்கு முட்டை வைக்க எடம் வேணும் அண்ணே. எடம் தேடி வரும்."

"வரட்டு. அதுக்கும் எங்கிட்ட மருந்து உண்டு," என்று சிரித்திருந்தான்.

இப்போது வாணலியைத் தூக்கி முற்றத்தில் எறிந்தான். வாடை போகவில்லை. எங்கோ யாரோ நகத்தால் முட்டையோட்டைச் சுரண்டுவது போலச் சன்னமான கறகறப்பு; அலமாரியில் காது வைத்தான், சுவரில் வைத்தான், மருந்துக் குப்பியை எடுத்து மூலைமூலையாகப் பீய்ச்சினான். சத்தம் நிற்கவில்லை. காதைப் பொத்தினான். கூடியது.

வலப்பக்கம் மங்கியது. சுவரைத் தடவிக்கொண்டு நடந்தான். அந்தி இன்னும் சாயவில்லையே.

"என்னத்துக்கு இப்பிடித் தடவுதிய? இஞ்ச திரும்புங்க," என்றபடி வந்த ஸ்மிதா அவன் முகத்தைப் பார்த்தாள். பின்வாங்கினாள். வெளியே போய்க் கதவை அடித்துச் சாத்தினாள்.

கண்ணாடி முன் போனான்.

வலக்கண்ணில் வெள்ளை இல்லை. முழுக்கக் கறுப்பு. மினுமினுப்பு.

கையில் மருந்துக் குப்பி.

எங்கே அடிப்பது?

கறுப்பின் நடுவே, உள்ளிருந்து, வட்டமாக ஒரு துளை விழுந்தது. இரண்டு மெல்லிய உணர்கொம்புகள் வெளியே நீண்டன. அவன் இமையைத் தடவின. மூக்கைத் தாண்டின.

இடக்கண்ணைத் தேடி.