ஸ்லேட்டரின் மூலை

நைஜல் ஹார்ட்டில் இரும்புக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது நன்றாக விடிந்திருந்தது. ஆனால் நவம்பர் பனி மைதானத்தை விட்டு விலகுவதாக இல்லை. எதிர்ப்பக்கத்து கோல் கம்பம் கண்ணில் படவில்லை. ஈரப் புல், கோடு போட்ட சுண்ணாம்பு, முந்தின நாள் வெங்காயம் வறுத்த எண்ணெய். வட இங்கிலாந்தில் எந்தச் சின்ன ஊர் மைதானத்துக்குப் போனாலும் மூக்கில் ஏறுகிற அதே வாடைதான். பதினோரு ஊர்களில் அதை மோந்தவன் அவன்.

பதினோரு கால்பந்துக் கழகம்! சொல்லிக்கொள்ளப் பெருமையாகவா இருக்கிறது? இடது ஓரத்தில் ஓடுகிற விங்கர் வேலை. எந்த ஊரிலும் இரண்டு பருவத்துக்கு மேல் குப்பை கொட்டவில்லை. ஐம்பதைத் தொடப்போகும் வயதில், தேய்ந்த முழங்காலோடு, ஸ்கெல்டர்பி டவுன் கழகத்தின் இளைஞர் அணிக்குப் பயிற்சியாளர் வேலை கிடைத்ததே புண்ணியம் என்று வந்திருந்தான்.

ஆனால் உலகத்தில் இத்தனை மைதானம் இருக்க, இந்த மைதானமா வாய்க்கவேண்டும்?

"வாய்யா நண்டு!" பனிக்குள்ளிருந்து குரல் வந்தது. பின்னாலேயே ஒரு தள்ளுவண்டியும், மைதானத்தைப் பராமரிக்கும் கிழவர் வில்ஃபும் வந்தார்கள். "இன்னும் உசுரோடதான் இருக்கியா?"

"உங்களுக்கு முன்னாடி போகக்கூடாதுன்னு வைராக்கியம்," என்றான் நைஜல்.

நண்டு என்பது ரசிகர்கள் வைத்த பெயர். எதிரே நிற்கும் தடுப்பாட்டக்காரனைத் தாண்ட விங்கருக்கு இரண்டே வழி. உள்ளே திரும்பி மைதானத்தின் நடுவுக்குப் போகலாம். அல்லது வெளியே, ஓரக் கோட்டை ஒட்டி, மூலைக் கொடி வரை பாயலாம். வெளியே போகிறவனுக்குத்தான் கைதட்டல். நைஜல் இருபத்திரண்டு வயதுக்குப் பிறகு ஒருநாளும் வெளியே போனதில்லை. பக்கவாட்டிலேயே ஓடி உள்ளே திரும்பிவிடுவான்.

அந்தப் பயத்தை அவனுக்குள் இறக்கியவன் டக் ஸ்லேட்டர். ஸ்கெல்டர்பியின் வலது தடுப்பாட்டக்காரன். ஆட்டத்துக்கு முன்னால் தொடை முழுக்கத் தைலம் பூசிக்கொள்வான். அவன் பக்கத்தில் நின்றாலே கண் எரியும். பந்து வருவதற்கு முன் காதோரம் வந்து கொஞ்சுகிற மாதிரி சொல்வான்: "உள்ள போடா கண்ணு. வெளிய போனா காலு எனக்கு."

இருபத்திரண்டு வயதில் எதிரணிக்காக இந்த மைதானத்துக்கு ஆடவந்த அன்று நைஜல் வெளியே போனான். இளரத்தம், கேட்குமா? மூலைக் கொடிக்குப் பக்கத்தில் ஸ்லேட்டரின் இரண்டு பூட்ஸும் சேர்ந்து வந்து இறங்கின. இடது கால் எலும்பு காலுறையைக் கிழித்துக்கொண்டு வெளியே நீட்டியது. ஸ்லேட்டர் சூயிங்கம் மென்றபடி குனிந்து பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பு நைஜலின் தூக்கத்தில் இன்றைக்கும் வரும்.

"அவன்தான் போய்ச் சேந்துட்டானே, இன்னும் ஏன் அந்த மூலையையே பாக்குற?" என்றார் வில்ஃப்.

"தெரியும். பேப்பர்ல பாத்தேன்."

"போனவன் எங்கயும் போகல. அங்கதான் இருக்கான்."

நைஜலுக்குச் சுருக்கென்றது. வில்ஃப் வண்டியிலிருந்த கோப்பையை எடுத்து அலட்சியமாகத் தேநீரை உறிஞ்சினார். இந்த ஊர்ப்பக்கம் இது வழக்கம்தான். செத்தால் சாம்பலைத் தன் கழகத்து மைதானத்தில் போடச் சொல்லிவிட்டுச் சாகிறவர்கள் நிறையப் பேர். "அவன் பொண்டாட்டி ஜாடியில கொண்டாந்தா. மூலைக் கொடிக்கிட்ட புல்லைச் சீவி, கீழ கொட்டி, மேல மூடினேன். அதுலேர்ந்து அங்க புல்லு என்னமா வளருது தெரியுமா! இந்த மைதானத்துலயே அதான் உசத்திப் புல்லு."

*

முதல் அடி கானருக்கு விழுந்தது.

நல்ல பையன், கொஞ்சம் வாயாடி. பயிற்சியில் பந்தைத் தள்ளிக்கொண்டு ஓரக் கோட்டோடு பறந்தான். தடுக்க ஆளே இல்லை. அவனைத் துரத்தியவன் நாலு கஜம் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். கானர் மூலைக் கொடியை நெருங்கினான்.

காய்ந்த கட்டையை முழங்காலில் வைத்து முறித்த மாதிரி ஒரு சத்தம்.

கானர் காற்றில் சுழன்று விழுந்தான். அவன் கத்தலில் கூரைப் புறாக்கள் மொத்தமும் எழும்பின. கால் முழங்காலுக்குக் கீழே பின்பக்கமாக மடிந்திருந்தது. பையன்கள் ஓடிவந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றார்கள். ஒருவன் திரும்பி வாந்தியெடுத்தான். நைஜல் காலுறையைக் கீழே இறக்கினான். தோலில் வரிசையாக ஆறு குழிகள். பூட்ஸ் ஆணிகளின் தடம். ரத்தம் அப்போதுதான் ஊறத் தொடங்கியிருந்தது.

"யாரு... யாரு இடிச்சது?" கானர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

யாருமில்லை.

குனிந்திருந்த நைஜலின் கண் எரிந்தது. தைல நெடி.

அப்புறம் தெரியவந்தது, போன வருஷமும் அதே மூலையில் இரண்டு கால்கள் முறிந்திருக்கின்றன. தரை சரியில்லை, பூட்ஸ் சரியில்லை என்று ஆளுக்கொன்று சொல்லி மூடிவிட்டார்கள். நைஜலால் மட்டும் அப்படி மூடிவிட முடியவில்லை. ஏனென்றால் அவனிடம் ரீஸ் இருந்தான்.

ரீஸ் மல்கியூ. பதினேழு வயது, குச்சி உடம்பு, இடது ஓரம். பந்து காலில் ஒட்டிக்கொண்டால் அவனைப் பிடிக்க ஆளில்லை. அவனுக்கு உள்ளே திரும்பவே தெரியாது. எப்போதும் வெளியேதான். நைஜல் ஆகியிருக்கவேண்டிய விங்கர் அவன். பருவம் முடிந்ததும் செலவைக் குறைக்க இளைஞர் அணியைக் கலைக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. சனிக்கிழமை ஆட்டத்துக்குப் பெரிய கழகம் ஒன்றிலிருந்து ஆளெடுக்க ஒருவர் வருகிறார். அன்று ரீஸ் கண்ணில் பட்டால் பிழைத்தான். இல்லையென்றால் அப்பாவோடு கோழி அறுக்கும் ஆலைக்குப் போகவேண்டியதுதான்.

"சனிக்கிழமை மட்டும் உள்ள திரும்பி ஆடுடா," என்று சொல்லிப் பார்த்தான்.

"உள்ள போனா நானும் மத்தவனும் ஒண்ணுதானே கோச்? வெளிய போறதைப் பாக்கத்தானே அவரு வர்றாரு?"

அது உண்மை. அவன் வாழ்க்கையே அதற்குச் சாட்சி.

அன்று மாலை பையன்கள் போனபின் அவனே ஒரு பந்தை எடுத்துக்கொண்டு அந்த மூலைக்கு நடந்தான். குளிர்காலத்துப் பொழுது, நாலு மணிக்கே வெளிச்சம் செத்துக்கொண்டிருந்தது. தன் பூட்ஸ் சதக் சதக்கென்று மிதிப்பது மட்டும் கேட்டது.

பிறகு இன்னொரு ஜோடி பூட்ஸின் சத்தமும் கேட்டது.

நின்றான். அதுவும் நின்றது.

தைலம். கண்ணில் நீர் கட்டியது. இடது காதில் சூயிங்கம் மெல்லும் ஈரச் சத்தம்.

"உள்ள போடா கண்ணு."

பந்தைப் போட்டுவிட்டுத் திரும்பினான். திரும்புவதற்குள் இடுப்பில் ஒரு முழங்கால் இறங்கியது. முகம் சேற்றில் புதைந்தது. முதுகில் ஒரு பாதம் ஏறி, ஆணிகளைத் திருகித் திருகி அழுத்தியது. மூச்சு முட்டி, வாயில் மண் நிறைந்து, செத்தோம் என்று நினைத்த நேரத்தில் பாரம் இறங்கிவிட்டது. புல்லை நகத்தால் பற்றித் தவழ்ந்தே வெளியேறினான் நைஜல். வெட்கமில்லாமல் அழுதான்.

மறுநாள் வில்ஃபைப் பிடித்தான். "அந்த மூலைப் புல்லைப் பேத்துத் தூக்கிப் போட்டுடுங்க. அடி மண்ணோட. ஒரு பிடிகூட அங்க இருக்கக்கூடாது."

"பைத்தியமா உனக்கு? அவ்வளவு நல்ல புல்லை..."

"இன்னொரு பையன் கால் போகணுமா? உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

வில்ஃப் அவன் முகத்தைப் பார்த்தார். "சரி தம்பி. பேத்துடறேன்."

*

சனிக்கிழமை காலையும் பனிதான், ஆனால் மெல்லிசு. மூலையில் தேய்ந்த பழுப்புப் புல் கிடந்தது. ஆட்டத்துக்கு முன் ஓடிப் பழகிய பையன்கள் அந்த மூலையைச் சுற்றி வந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. நெடியும் இல்லை. நைஜலின் நெஞ்சில் பல நாளாக உட்கார்ந்திருந்த கல் இறங்கியது.

முதல் பாதியில் அந்த மூலை எதிரணி தாக்கும் பக்கம். ரீஸ் மறுபக்கம் ஆடினான். ஆட்டமா அது! மூன்று பேரைத் தாண்டி வெளியே போய் அடித்த பந்தில் ஒரு கோல். ஆளெடுக்க வந்த, நீளக் கோட்டு போட்ட மனிதர் வேலியோரம் வந்து, "பையன் பேரு என்னன்னு சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். நைஜலுக்கு வாய்விட்டுக் கத்தவேண்டும் போலிருந்தது.

இரண்டாம் பாதியில் பக்கம் மாறும். இடது ஓரத்தில் நின்றால் ரீஸ் நேரே அந்த மூலைக்குத்தான் ஓடவேண்டும். புல்லைப் பேர்த்தாயிற்று. சாம்பலும் போயிற்று. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"நீ வலது ஓரத்துக்குப் போ," என்றான் இடைவேளையில்.

"கோச்! என் பக்கம் இடது..."

"சொன்னதைச் செய்டா. அங்கயும் வெளிய போ. எவ்வளவு வேணாலும் போ."

ரீஸ் முறைத்துக்கொண்டு போனான். ஆட்டம் தொடங்கியது. வில்ஃப் தேநீரோடு நைஜல் பக்கத்தில் வந்து நின்றார்.

"வலது ஓரம் எப்படி இருக்கு பாத்தியா? மழைக்கு மொட்டையாக் கெடந்துச்சு. இப்பப் பாரு, கண்ணுல ஒத்திக்கலாம்."

நைஜல் பார்த்தான். பழுப்பு மைதானத்தின் வலது ஓரத்தில், கோல் கோட்டுக்குப் பக்கத்தில், கரும்பச்சையாக ஒரு நீளப் பட்டை.

"அது... எங்கேர்ந்து வந்த புல்லு?"

"நீ பேக்கச் சொன்னியே, அதேதான். பாளம் பாளமா மண்ணோட வெட்டி எடுத்தேன். மூலைப் புல்லுதானேப்பா எப்பவும் ஒட்டுப் போட எடுப்போம், யாரும் மிதிக்காத புல்லாச்சே. அதைப் போயி எவனாவது குப்பையில போடுவானா?"

பந்து ரீஸிடம் வந்தது.

வலது ஓரம். எதிரே ஒரே ஒருவன். ரீஸ் தோளைச் சாய்த்தான், அவன் ஏமாந்தான், ரீஸ் வெளியே பாய்ந்தான். நேராகப் பச்சைப் பட்டையை நோக்கி.

நைஜல் ஓடினான்.

கோட்டைத் தாண்டி ஆடுகளத்துக்குள்ளேயே ஓடினான். நடுவர் விசில் ஊதினார். யாரோ சிரித்தார்கள். தேய்ந்த முழங்கால் ஒவ்வொரு அடிக்கும் கத்தியாய்க் குத்தியது. கிட்டத்தட்ட முப்பது வருஷமாக ஓரக் கோட்டோடு ஓடாத கால்கள் அன்று ஓடின.

"நில்லுடா ரீஸ்! நில்லு!"

பையன் நிற்கவில்லை. காற்றில் தைலம் ஏறிவிட்டது.

நைஜல் பாய்ந்து அவன் இடுப்பைப் பிடித்துக் கோட்டுக்கு வெளியே வீசினான். வீசிய வேகத்தில் அவன் இடது கால் பச்சைப் புல்லில் ஊன்றியது.

"வெளிய வந்துட்டியா கண்ணு?"

இரண்டு பூட்ஸும் சேர்ந்து இறங்கின. அதே இடம். பழைய முறிவு சேர்ந்த அதே எலும்பு. முதல் உதையில் அது பிளந்தது. இரண்டாவது உதையில் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. மூன்றாவது, நான்காவது... விழுந்து கிடந்தவனை அது விடவில்லை. பார்த்தவர்கள் கண்ணுக்குப் பயிற்சியாளர் ஒருவர் தரையில் தனியாகத் துள்ளித் துள்ளி அடிவாங்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு துள்ளலுக்கும் எலும்பு உடையும் சத்தம் வேலி வரை கேட்டது. மைதானத்தில் ஒரு பெண் அலறத் தொடங்கினாள். ரீஸ்தான் சுதாரித்துக்கொண்டு, கையை நீட்டி, அவனைச் சட்டையோடு பற்றி இழுத்தான். பச்சைப் புல்லை விட்டு உடம்பு நகர்ந்த கணமே எல்லாம் நின்றுவிட்டது.

"கோச்... கோச், என்ன ஆச்சு? ஏன் இப்படி..." பையன் அழுதான்.

"உன் காலு," என்றான் நைஜல். "உன் காலைக் காட்டு."

ரீஸ் காட்டினான். சேறு மட்டும்தான். நைஜல் ரத்தம் வழிந்த உதட்டோடு சிரித்தான். ஆளெடுக்க வந்தவர் எங்கேயும் போகவில்லை; ரீஸின் தோளில் கைவைத்தபடி நின்றார்.

ஆம்புலன்ஸ் வந்தது. தூக்குக் கட்டிலில் வைத்து நைஜலைத் தூக்கினார்கள். வில்ஃப் கூடவே தள்ளாடி வந்தார். பத்து வயது கூடிப்போனவர் மாதிரி இருந்தார். "நான் என்னத்தைக் கண்டேன் தம்பி... நான் என்னத்தைக் கண்டேன்..."

"அந்தப் பட்டையைப் பேத்துடுங்க. கொளுத்திடுங்க. இப்பவே."

"பேத்துடறேன். சத்தியமா."

நைஜல் கண்ணை மூடினான். ஊசி மருந்து ஏறத் தொடங்கியிருந்தது. ஏதோ உறுத்தியது. மூலையில் எடுத்தது அகலமான பாத்தி. ஓரத்தில் பார்த்தது ஒடுக்கமான பட்டை.

"வில்ஃப்," என்றான். "மொத்தமும் அங்கதானே போட்டீங்க?"

கிழவர் நின்றுவிட்டார்.

"மிச்சம் இருந்துச்சு," என்றார் மெதுவாக. "பக்கத்துப் பள்ளிக்கூடத்துல கேட்டாங்க. குட்டிப் பசங்க ஆடுற மைதானம்... ஓரமெல்லாம் பள்ளமா இருக்குன்னு..."

மைதானத்தின் செங்கல் சுவருக்கு அப்பால், பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒரு விசில் ஒலித்தது. சனிக்கிழமை காலை, ஏழு எட்டு வயதுப் பிள்ளைகளின் ஆட்டம். கோட்டோரம் நின்ற அப்பன்மார் உற்சாகமாகக் கத்துவது பனியில் தெளிவாகக் கேட்டது.

"வெளிய போடா செல்லம்! வெளிய போ! அப்படித்தான்!"

நைஜல் எழப் பார்த்தான். வார்கள் அவனைக் கட்டிலோடு இறுக்கியிருந்தன. கத்த வாய் திறந்தான். மரத்துப்போன நாக்கு புரளவில்லை. ஆம்புலன்ஸ் கதவு மூடுவதற்குள் சுவருக்கு அப்பாலிருந்து காற்று திரும்பியது. கண் எரிந்தது.

அந்தப் பக்கம் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். கைதட்டல் சட்டென்று நின்றது.