பதினான்காம் இருக்கை

மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு பிற்பகலில் நிரஞ்சனா பல்கலைக்கழக நூலகத்தின் மூன்றாம் தளத்தை அடைந்தாள். பழந்தமிழ்ப் பாடல்களை ஆராயும் மாணவர்களுள் ஒருவருக்கு மட்டுமே உபகாரச் சம்பளம். நேர்காணலுக்கு எஞ்சியவர் இருவர்: அவளும் ஆரபியும். மூன்றாண்டுகளாக ஆரபிதான் முதலிடம். அன்று காலை தோ பாயோ கோயிலில் கண்மூடி நின்றபோதும் நிரஞ்சனா தன் வெற்றியை வேண்டவில்லை. ஆரபியின் தோல்வியையே வேண்டினாள்.

சன்னலோரத்தில் பதினான்காம் இருக்கை காலியாக இருந்தது. மேசைமேல் ஒரு டிஷ்யூ பொட்டலம். தேக்கா உணவங்காடி முதல் இந்நூலகம் வரை ஊரெங்கும் ஒரே வழக்கம்தான். பொட்டலம் வைத்தவருக்கே இடம். ஆரபி படிப்பது இந்தச் சன்னலோரத்தில்தான். வெளிச்சமும் அவளுக்கே வேண்டுமோ?

பொட்டலத்தை எடுத்தாள். உறை மஞ்சளித்துப் போயிருந்தது. உள்ளே தாள்கள் ஈரமாயிருந்தன. நெடுநாள் பூட்டிக்கிடந்த அறையின் புழுங்கல் வாடை எழுந்தது. குப்பைக்கூடையில் எறிந்துவிட்டு அமர்ந்தாள்.

நாற்காலி வெதுவெதுப்பாக இருந்தது.

சற்றுப் பொறுத்து வந்த ஆரபி அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏய், அங்க ஏன் உட்கார்ந்த? அது யாரோ சோப் பண்ணி, இடம் பிடிச்சு வெச்ச சீட் லா."

"எல்லா இடமும் உனக்கேவா? பேரு எழுதியிருக்கா?"

"என் சீட் பதிமூணு." ஆரபியின் குரல் தாழ்ந்தது. "ஃபர்ஸ்ட் இயர்லேர்ந்து அந்தப் பாக்கெட் அங்கதான் இருக்கு. யாரும் வந்து உட்கார்ந்து நான் பார்த்ததே இல்ல. ப்ளீஸ், எடுத்ததைத் திரும்ப வெச்சிடு."

நிரஞ்சனா கூடைக்குள் குனிந்து பார்த்தாள்.

கூடை வெறுமையாக இருந்தது.

மறுநாள் வகுப்பில் அவளுடைய இடத்தில் அதே பொட்டலம். எடுத்தெறிந்தாள். மாலையில் ரயிலில் எஞ்சியிருந்த ஒரே இருக்கையில் மீண்டும் அது. எறிய எறிய அதன் ஈரம் மிகுந்தது.

நேர்காணல் நாளில், மூன்று பேராசிரியர்களுக்கு எதிரே போடப்பட்ட நாற்காலியிலும் அது இருந்தது. தாள்களிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"உட்காருங்க, நிரஞ்சனா," என்றார் பேராசிரியர் யாமினி. அவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை போலும்.

அவள் உட்காரவில்லை. நெஞ்சோடு கலந்திருந்த பாடல்களில் ஓரடிகூட நாவுக்கு வரவில்லை. நின்றபடியே தலைகுனிந்து வெளியேறினாள்.

உபகாரச் சம்பளம் ஆரபிக்குப் போயிற்று.

செய்தி வந்த மாலையில், தோ பாயோ அடுக்ககத்தின் ஒன்பதாம் மாடியில் நிரஞ்சனா தன் வீட்டு மணியை அடித்தாள். கம்பிக் கதவுக்கு அப்பால் வந்து நின்ற அம்மா, முன்பின் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"நிரஞ்சனாவோட ஃப்ரெண்டா? உள்ள படிச்சிட்டு இருக்கா மா. நாளைக்கு வாங்களேன்."

"அம்மா... நான்தாம்மா."

அம்மா கதவைச் சாத்தினாள்.

உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. நிரஞ்சனாவின் குரல். நேர்காணலில் அவள் மறந்த பாடலை, பிசிறின்றி, ஆரபியைவிட அழகாக அது பாடிக்கொண்டிருந்தது.

அந்த நிலையிலும் அவளுக்கு வயிறு எரிந்தது.

குனிந்து பார்த்தாள். வாசலோரச் செருப்புத் தட்டில், அவள் தினமும் செருப்பு வைக்கும் இடத்தில், மஞ்சளித்த பொட்டலம் நனைந்து கிடந்தது.