ஏழாம் மதகின் பெயர்

பெனடிக்டாவின் வேலை நாள் எப்போதும் ஒரே கேள்வியோடுதான் தொடங்கும்.

“பேரு எப்படிப் போடணும்? இனிசியல் முன்னாடியா, பின்னாடியா?”

அன்று அவள் எதிரே உட்கார்ந்திருந்தவள் குடிநீர்ச் சோதனைக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பெண். “எப்படிப் போட்டா என்னக்கா?” என்று சிரித்தாள்.

“நாளைக்கு நீ ஒரு குழாயோட அழுத்தத்தைக் கொஞ்சம் மாத்துனாலும் இந்தப் பேருலதான் ஏட்டுல ஏறும். ஏறுனது ஏறுனதுதான். யோசிச்சுச் சொல்லு.”

பெண்ணின் சிரிப்பு நின்றது. இனிசியல் முன்னாடி என்றாள்.

வெண்முனை நகரம் கடல் மட்டத்துக்கு நான்கு மீட்டர் கீழே இருந்தது. சுற்றிலும் மதில், மதிலில் பன்னிரண்டு மதகுகள். எந்த மதகு எப்போது திறக்க வேண்டும், எந்தப் பம்பு எவ்வளவு இறைக்க வேண்டும், எந்தக் கதவு யாருக்குத் திறக்கும் என்பதெல்லாம் நகரேடு என்ற கணினி ஏட்டில் வரிவரியாக எழுதப்பட்டிருந்தன. ஏட்டில் ஒரு வரியை மாற்றினால் ஊரில் ஏதோ ஒன்று அசையும். அந்த மாற்றங்களைப் பாதுகாத்தது ‘பதிப்புக் காவல்’ என்ற மென்பொருள். மாற்றியவர் பெயர், நேரம், எதற்காக மாற்றினார் என்று ஒரு சிறு குறிப்பு, இந்த மூன்றும் இல்லாமல் அது எதையும் ஏற்காது. பழைய பதிப்பு எதையும் அழிக்கவும் விடாது. அந்தக் காவலில் ஆட்களுக்கும், அவர்கள் உட்கார்ந்து மாற்றங்களை அடிக்கும் கன்சோல்களுக்கும் அமைவுகள் செய்து கொடுப்பது பெனடிக்டாவின் வேலை. ஊரில் அவளை அமைவர் என்பார்கள்.

பத்து மணிக்கு நிலைய இயக்குநர் திரவியம் கூப்பிட்டார். “ஏழாம் மதகுல கன்சோல் மாத்துதாங்கம்மா. பழசுல உள்ள அமைவைப் புதுசுக்குக் கொண்டு போகணும். இன்னொரு அமைவர் லீவுல இருக்கான். உனக்குக் கஷ்டமா இருந்தா நாளைக்குப் பாத்துக்கலாம்.”

“இல்ல சார், போறேன்.”

நான்கு வருடமாக அவள் அந்தப் பக்கமே போனதில்லை. ஏழாம் மதகின் கால்வாயில்தான் அவள் கணவன் ரெமிஜியூஸ் இறந்தான். சேறு அள்ள உள்ளே இறங்கியிருந்தபோது, பகல் ஒரு மணிக்கு மதகு திறந்துகொண்டது. திறக்கும் நேரத்தை எழுதியவர் பெயர் ஏட்டில் தெளிவாக இருந்தது: மா. இசக்கிதாஸ். அதே ஷிப்டில் வேலை பார்த்தவன்.

வெண்முனையில் விசாரணை நீளாது. ஏட்டில் இருக்கும் பெயருக்கு எதிராக எந்த மனிதர் சாட்சியமும் எடுபடாது. ஊர் உண்டான நாள் முதல் சட்டம் அதுதான். பெயரும் நேரமும் வாசிக்கப்பட்டன. இசக்கிதாஸின் முத்திரை ரத்தானது. முத்திரை இல்லாதவனுக்கு வெண்முனையில் கதவு திறக்காது, குழாயில் தண்ணீர் வராது, பஸ் நிற்காது. அவன் மனைவி முத்துப்பேச்சி ஒவ்வொரு வாசலிலும் முன்னால் போய்த் திறந்துவிட, அவன் பின்னால் நுழைவதைப் பெனடிக்டா சந்தையில் பலமுறை பார்த்திருக்கிறாள். பார்க்கும்போதெல்லாம் இது போதாது என்றே நினைத்திருக்கிறாள்.

மதகு அறையில் பழைய கன்சோல் சுவரிலிருந்து கழற்றப்படத் தயாராக இருந்தது. அவள் அமைவுகளைத் திறந்தாள்.

பதிப்புக் காவலில் அமைவுகளுக்கு இரண்டு அடுக்கு உண்டு. ஒன்று ஆளோடு போவது. அவர் எங்கே உட்கார்ந்தாலும் அவர் பெயரைத் தருவது. மற்றது கன்சோலிலேயே தங்கிவிடுவது. எழுத்தின் அளவு, திரையின் வெளிச்சம் மாதிரியான சில்லறை விஷயங்களுக்கானது அது. இரண்டும் முரண்பட்டால் கன்சோலில் இருப்பதே செல்லும். எழுத்தின் அளவு பதினான்கு. வெளிச்சம் அறுபது. மூன்றாவதாக ஒரு வரி இருந்தது.

பெயர்: மா. இசக்கிதாஸ்.

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. தப்பிக்க வழி தேடி அவனே பிறகு வந்து எழுதி வைத்திருக்கிறான். ஆனால் முத்திரை இல்லாதவன் இந்த அறைக்குள் எப்படி வந்திருக்க முடியும்? வரியின் தேதியைப் பார்த்தாள். விபத்துக்கு ஒரு வருடம் முந்தையது. கன்சோல் நிறுவப்பட்ட நாள். அப்படியானால் முன்கூட்டியே திட்டம் போட்டிருக்கிறானா? தன் பெயரையே மாட்டிவைத்து எவனாவது திட்டம் போடுவானா?

இந்தக் கன்சோலிலிருந்து ஏறிய மாற்றங்களை வரிசைப்படுத்தினாள். நிறுவிய நாளிலிருந்து, விபத்தோடு இந்தக் கன்சோல் மூடப்பட்ட நாள் வரை, ஒரு வருடத்தில் ஆயிரத்துச் சொச்சம். அத்தனையும் இசக்கிதாஸ் பெயரில். மூன்று ஷிப்டு, ஒன்பது ஆட்கள் உட்கார்ந்த இடத்தில் ஒரே பெயர். வருகைப் பதிவை எடுத்து ஒப்பிட்டாள். மஞ்சள் காமாலை வந்து அவன் பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறான். அந்தப் பதினொரு நாளிலும் அவன் பெயரில் முப்பத்தொரு மாற்றங்கள் ஏறியிருந்தன.

பிறகு, விபத்து நாளின் வரியைத் திறந்தாள். மதகு 7, திறப்பு 13:00. விசாரணையில் வாசித்தது இவ்வளவுதான். கீழே இருந்த குறிப்பை யாரும் வாசிக்கவில்லை. அவளும் தேடிப் படித்ததில்லை.

‘சேரு அள்ளுரோம். 3 மணி வரை மதகு திரக்காது.’

மூன்று மணி என்றால் 15:00. எழுதியவர் மூன்றை நினைத்துக்கொண்டு பதின்மூன்று என்று அடித்திருக்கிறார். ஆனால் அவள் கண் எண்ணில் நிற்கவில்லை. சேரு. அள்ளுரோம். திரக்காது. ரெமிஜியூஸுக்குக் கடைசிவரை ‘ற’ பிடிபடவில்லை. குளிர்பெட்டியில் ‘கரி வாங்கணும்’ என்று ஒட்டிவைப்பான். “அடுப்புக்கா, குழம்புக்கா?” என்று அவள் கேட்டுச் சிரிப்பாள்.

இந்தப் பிழையை ஊரில் எத்தனையோ பேர் செய்வார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். இருந்தாலும் கேட்டுவிட வேண்டும். கேட்க ஒரே ஆள்தான் இருந்தான்.

மதிலை ஒட்டிய கடைசி வரிசையில் இருந்தது அந்த வீடு. கதவைத் திறந்த முத்துப்பேச்சி நகரவில்லை. “இன்னும் என்னத்தப் பிடுங்க வந்திருக்க?”

“அண்ணன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும்.”

உள்ளே மீன்வலைக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்த இசக்கிதாஸ் எழுந்திருக்காமலே பார்த்தான். தலை முழுதும் நரைத்திருந்தது. “ஆபீஸ்ல அனுப்புனாங்களா?”

“இல்ல. நானா வந்தேன். அன்னைக்கு மத்தியானம் கன்சோல்ல யாரு உக்காந்தது?”

“எதுக்குக் கேக்குதிய?” அவன் கண்கள் அவளுடைய கைகளைப் பார்த்தன, அவள் எதையாவது பதிவு செய்கிறாளா என்று.

“ஒங்க பேரு அந்தக் கன்சோல்லயே ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. யாரு மாத்துனாலும் ஒங்க பேருதான் ஏறியிருக்கு. இன்னைக்குத்தான் பாத்தேன்.”

நூல் உருண்டை அவன் கையிலிருந்து உருண்டது. பிறகு சொன்னான்: “ரெமிதான் உக்காந்தான். நான் அந்தால சோத்துப் பொட்டலத்தைப் பிரிச்சுக்கிட்டு இருந்தேன். எழுதிட்டு, எறங்கிப் போனான். இதை நான் அன்னைக்கே சொன்னேன். சாட்சி எடுக்க மாட்டோம்னுட்டாங்க.”

“என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்லா?”

“வந்தேன். ஒங்க வாசல் கதவு எனக்குத் தெறக்கலை,” என்றான்.

அலுவலகம் திரும்பியதும் பெனடிக்டா நிறுவல் பதிவேட்டைத் தேடினாள். ஏழாம் மதகுக் கன்சோலை அமைத்தது யார்? மனதுக்குள் இரண்டு பேரைச் சந்தேகித்து வைத்திருந்தாள். ஒருவர் ஓய்வு பெற்றவர், இன்னொருவன் இசக்கிதாஸோடு சண்டை போட்டவன். பக்கத்தைத் திறந்தபோது மூலையில் ‘பெ’ என்று ஓர் எழுத்து இருந்தது. அவள் கையெழுத்து.

அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். சோதனைக்கு முதலில் வந்து உட்கார்ந்தவன் இசக்கிதாஸாக இருக்க வேண்டும். பெயரை அடித்ததும் மென்பொருள் ஒரு கேள்வி கேட்கும்: இந்த ஆளுக்கா, இந்தக் கன்சோலுக்கா? அவள் இரண்டாவதைத் தொட்டிருக்கிறாள். அந்த நாள் அவளுக்குக் கொஞ்சமும் நினைவில்லை. மழை பெய்ததா, யாரோடு வந்தாள், ஒன்றும் இல்லை.

திரவியம் எல்லாவற்றையும் கேட்டார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். “பழைய கன்சோல் உருக்காலைக்குப் போகுது. வேற யாருக்குத் தெரியும்?”

“இசக்கி அண்ணனுக்கு.”

“அவன் சொன்னா யாரு கேப்பா? பெனடிக்டா, நீ இதுவரைக்கும் எத்தனை கன்சோல் அமைச்சிருப்ப?”

“நாப்பத்தேழு சார்.”

“அந்த நாப்பத்தேழுலயும் ஏறுன பேரையெல்லாம் ஊரு சந்தேகப்படும். தண்டனை வாங்குனவன் பூராவும் வாசல்ல வந்து நிப்பான். பேருதான்மா இந்த ஊரைப் பிடிச்சு வச்சிருக்கு. அதுபோக, செத்த மனுசன் மேல பழியைப் போடப் போறியா? அதுவும் உன் புருசன் மேல?”

அவர் தனக்காகப் பேசவில்லை, ஊருக்காகத்தான் பேசுகிறார் என்று அவள் நம்ப முயன்றாள். நாற்பத்தேழு என்றதும் அவர் பார்வை ஏன் அவருடைய மேசையிலேயே இருந்த, அவள் அமைத்த கன்சோலுக்குப் போனது என்ற கேள்வி மட்டும் போகவில்லை.

தன் இடத்துக்கு வந்தாள். நகரேட்டைத் திறந்தாள். விபத்து நாளின் வரியை அவளால் தொட முடியாது. ஆனால் அதற்குக் கீழே குறிப்பு சேர்க்க எல்லா அமைவருக்கும் உரிமை உண்டு. ‘இந்தக் கன்சோலின் பெயர் அமைவு தவறு. தவறாக அமைத்தது நான். இதை எழுதியவர் என் கணவர் என்று நினைக்கிறேன்’ என்று எழுதினாள். உறுதியா என்று மென்பொருள் கேட்டது. ஆம் என்றாள். இனி திரவியமே நினைத்தாலும் அழிக்க முடியாது.

அவள் குறிப்பும் ஏட்டிலேயே ஏறிவிட்டதால் ஒன்பதாம் நாள் விசாரணை நடந்தது. வெண்முனையில் முதல் தடவையாக மனிதர்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். எப்படிக் கேட்பது என்றே விசாரணை அதிகாரிக்குத் தெரியவில்லை. “இது ஒங்க வீட்டுக்காரர் எழுதுனதுதான்னு எப்படிச் சொல்லுதிய?” என்றார்.

“அவருக்கு ‘ற’ வராதுங்க.”

அதை எழுதிக்கொள்ளலாமா என்று பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பின்வரிசையிலிருந்து முத்துப்பேச்சியின் குரல் வந்தது. “நாலு வருசம் சும்மா இருந்துட்டு இப்ப ஏன் சொல்லுதா? இன்னும் யாரைக் காப்பாத்த?”

யாரையும் காப்பாற்ற அல்ல என்று பெனடிக்டா சொல்லலாம். அதை எந்த வரியைக் காட்டி நிரூபிப்பது? முத்துப்பேச்சி இப்போது தன்னைப் பார்க்கும் பார்வையால்தான் தானும் அவர்களை நான்கு வருடமாகப் பார்த்து வந்தது மட்டும் தெரிந்தது.

இசக்கிதாஸின் முத்திரை திரும்பக் கிடைத்தது. பெனடிக்டாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். திரவியம் சொன்னது நடந்தது; மறுநாளே அமைவு அலுவலகத்தின் முன்னால் கூட்டம் கூடியது. செய்யாததற்குத் தண்டனை வாங்கியவர்கள் வந்தார்கள். செய்ததை மறைக்க இதுதான் சமயம் என்று வந்தவர்களும் அதே வரிசையில் நின்றிருப்பார்கள். யார் யார் என்று சொல்ல எவராலும் முடியவில்லை. பக்கத்தில் நிற்பவரை ஒவ்வொருவரும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள்.

விசாரணை முடிந்த அன்று மதியம், மண்டபப் படியில் இசக்கிதாஸ் அவளுக்காகக் காத்திருந்தான். மன்னிப்புக் கேட்க அவள் வாயைத் திறந்தபோது கையை உயர்த்தித் தடுத்தான்.

“அது வேண்டாம். அதுக்கு நான் இன்னும் தயாரில்லை. ஆனா ஒண்ணு சொல்லணும். ரெமி எறங்குததுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னான். இத்தனை வருசமா யாருகிட்டயும் சொல்ல முடியலை. சொன்னா நம்புவியளா?”

அவள் படியில் உட்கார்ந்தாள். “சொல்லுங்கண்ணே.”

“‘வீட்ல மீன் வறுத்து வச்சிருப்பா, மூணு மணிக்குள்ள முடிச்சிருவோம்’னான். அவ்வளவுதான். சிரிச்சுக்கிட்டேதான் போனான்.”

அன்று மீன் வறுத்தோமா என்று அவள் யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை. அதைச் சரிபார்க்க எந்த ஏட்டிலும் எதுவும் இல்லை. இசக்கிதாஸ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“சொல்லியிருப்பாரு,” என்றாள் பெனடிக்டா. அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.