மெய்க்கண்ணின் முதல் விளக்கு

மனித குலம் பொய்யோடு போராடிய பத்தாயிரம் ஆண்டுக்காலம் இத்துடன் நிறைவுற்றது என்று நொச்சியூத்து வட்டாட்சியர் அலுவலகத்தின் வாசலில் கருங்கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள். அப்படி நிறைவு செய்துவைத்த மெய்க்கண்ணுக்கு மூன்று வருடமாகப் பார்வையே கிடையாது என்பது பிற்பகல் மூன்று மணிக்குப் பேச்சியம்மாளுக்குத் தெரியவந்தது.

மெய்க்கண் என்பது சோப்புப் பெட்டி அளவுள்ள ஒரு கருவி. முன்னால் ஒரு வில்லை, உள்ளே நகக்கண் அளவில் லினக்ஸ் இயங்குதளம் ஓடும் ஒரு கணினி. மாநிலத்தின் முந்நூற்றுப் பன்னிரண்டு வட்ட அலுவலகங்களிலும் அது மாட்டப்பட்டிருந்தது. அது கண்டது நடந்தது, காணாதது நடக்கவில்லை. இதுதான் சட்டம். கையெழுத்து, சாட்சி, சத்தியம் எல்லாவற்றுக்கும் அன்றோடு ஓய்வு.

பேச்சியம்மாள் இயக்கி எழுதுகிறவள். வில்லைக்குப் பின்னாலிருக்கும் ஒளியுணரி ஒரு பாஷை பேசும், கணினி வேறொன்று பேசும். நடுவில் நின்று மொழிபெயர்க்கும் சிறு நிரலுக்குத்தான் இயக்கி என்று பெயர். மெய்க்கண்ணின் மூன்றாம் ஆண்டு விழாவுக்கு அத்திட்டத்தின் ஆணையர் வருகிறார், கண் காண்பதைப் பெரிய திரையில் நேரலையாகக் காட்ட வேண்டும் என்று அவளை அழைத்திருந்தார்கள். அரை மணி நேர வேலை என்றுதான் அவளும் நினைத்தாள்.

பெட்டியின் பதிவேட்டைத் திறந்தாள். "உணரி பதிலளிக்கவில்லை." அடுத்த வரியும் அதுவே. மூன்று வருடமாக, நொடிக்கொன்றாக, அது ஒன்றே. மூடியைக் கழற்றினாள். ஒப்பந்தத்தில் எழுதியிருந்த உணரி ஒன்று, உள்ளே ஒட்டியிருந்த மலிவு உணரி வேறொன்று. கணினி மேலத்தெருவில் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது, ஆள் குடியிருந்ததோ கீழத்தெருவில்.

அப்படியென்றால் இத்தனை நாளும் கண் எதைப் பார்த்தது? சோதனைக்காகப் பொய்க்காட்சி இயக்கி என்று ஒன்று உண்டு. உணரியே இல்லாவிட்டாலும், கொடுத்த படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டி, கணினியை நம்ப வைக்கும். எவனோ அதைப் பூட்டி, திறப்புவிழாவன்று எடுத்த நாற்பது நொடிப் படத்தை உள்ளே போட்டுவிட்டுப் போயிருந்தான். படத்தில் ஆணையர் குத்துவிளக்கின் முன் நிற்க, பின்னால் பதினொரு பணியாளர்கள் நாற்காலியில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். பொதுமக்கள் ஒருவரும் இல்லை.

ஆகவே மூன்று வருடமாகப் பதினொருவருக்கும் முழு வருகை. அதில் ஒருவர் ஓய்வுபெற்றுச் சிங்கப்பூரில் மகள் வீட்டில் இருந்தார். வருகை தவறாததற்காக அவருக்குப் போன தையில் பதக்கம் கொடுத்திருந்தார்கள்.

"எம்மா, சீக்கிரம் முடி. ஐயா வந்துட்டே இருக்காவ" என்றார் தலைமை எழுத்தர் நெல்லையப்பன்.

"அண்ணாச்சி, இந்தக் கண்ணு யாரையும் பாக்கலை. பழைய படத்த ஓட்டிக்கிட்டிருக்கு."

"அப்படிப் பொதுவா சொல்லாத. மூணு வருசத்துல ஒரு புகார் உண்டா?"

"புகார் குடுக்கணும்னா எங்க நிக்கணும்?"

"கண்ணு முன்னாலதான். கண்ணு பாக்காத புகார எப்படி வாங்குதது?"

பேச்சியம்மாளுக்குக் காதுமடல் சூடேறியது. அப்போது மூலையில் நின்றிருந்த ஒரு பெண் மெல்ல முன்னால் வந்தாள். பெயர் மாடத்தி, பீடி சுற்றுகிறவள். அவள் வீடு ஓடைப் புறம்போக்கில் இருப்பதாக நோட்டீஸ் போயிருந்தது.

"நானும் அதத்தானம்மா சொல்லுதேன். விசாரணைக்கு மூணு மட்டம் வந்தேன். இதே எடத்துல நின்னேன். இவுஹகிட்டத்தான் பேசுனேன். மூணு மட்டமும் வரலைன்னு எழுதியிருக்கு. இன்னிக்கு அஞ்சு மணிக்கு வீட்ட எடுத்துக்கிடுத ஆர்டர் வருதாம்."

"வந்தாங்களா அண்ணாச்சி?"

நெல்லையப்பன் கூரையைப் பார்த்தார். "வந்தாப்லதான் இருந்துச்சு. ஆனா கண்ணுல விழலியே. நான் பாத்தேன்னு சொன்னா சட்டப்படி அது வதந்தி."

"இத மாத்துதேன்."

"தொடாத! பதினோரு குடும்பம் இதுல சோறு திங்குது."

"தொடாட்டா பெரிய திரையில ஆணையர் மொகம் நேரலையா வராது. அவர்ட்ட நீங்களே சொல்லிருங்க."

நெல்லையப்பன் யோசித்துவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டார்.

பேச்சியம்மாள் முகவரியைத் திருத்தினாள், பொய்க்காட்சி இயக்கியைக் கழற்றினாள், மலிவு உணரிக்கான இயக்கியைத் தொகுத்து ஏற்றினாள். முதலில் கூடம் தலைகீழாக, கத்தரிப்பூ நிறத்தில் வந்தது. புரட்டிப் போட்டு, நிறவரிசையைச் சரிசெய்தபோது மணி நாலே முக்கால். வாசலில் கொட்டுச் சத்தம் கேட்டது.

ஆணையர் முனைவர் செங்குட்டுவேல் மாலையோடு வந்து நின்றார். திரை ஒளிர்ந்தது. மெய்க்கண் பிறந்து முதன்முறையாகக் கண் விழித்து எழுதியது: "ஆணையர், வந்துள்ளார். மாடத்தி, வந்துள்ளார். பணியாளர் பதினொருவரில் மூவர், வந்துள்ளனர்."

கைதட்டல் பாதியில் நின்றது.

"என்ன இது? யார் இதில் கை வைத்தது?"

"நான்தான் சார். இதுவரைக்கும் அது திறப்புவிழாப் படத்தத்தான் பாத்துக்கிட்டிருந்தது. இந்தம்மா மூணு தடவை வந்திருக்காங்க. இப்ப கண்ணே பாக்குது. அந்த ஆர்டர நிறுத்துங்க."

"நிறுத்த முடியாது" என்றார் ஆணையர். நடந்தது பிசகு என்று அவருக்குப் புரிந்தது முகத்தில் தெரிந்தது. அதனாலேயே குரல் உயர்ந்தது. "கண் அன்று என்ன கண்டதோ அதுவே மெய். இன்று வந்தது இன்றைக்கு. நேற்றைய பதிவை மாற்றினால் சட்டம் என்னாவது? முதல் பிரிவைப் படித்திருக்கிறீர்களா? விளக்கு ஏற்றப்படுவதை மெய்க்கண் காணும் கணத்திலிருந்து அதன் சொல்லே இறுதி. நான் என் கையால் ஏற்றினேன்!"

"ஒரு பழுதான பெட்டி பொய் சொன்னதுக்கு இவுங்க வீட்ட விடணுமா சார்?"

"பழுதைக் கண் கண்டதாக எந்தப் பதிவும் இல்லை. அந்தப் படத்தைப் போடுங்கள். நான் ஏற்றியதை எல்லோரும் பார்க்கட்டும்."

பேச்சியம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு படத்தைப் போட்டாள். மூன்று வருடத்தில் லட்சக்கணக்கான தடவை ஓடிய அந்தப் படத்தை மனிதர்கள் உட்கார்ந்து பார்ப்பது அதுவே முதல் தடவை.

ஆணையர் மெழுகுவர்த்தியை வாங்குகிறார். விளக்கருகே நீட்டுகிறார். புகைப்படக்காரர் ஏதோ சொல்ல, முகத்தை இந்தப் பக்கம் திருப்பிச் சிரிக்கிறார். கடைசி நொடிவரை சிரிக்கிறார்.

"விளக்கு எங்கம்மா எரியுது?" என்றாள் மாடத்தி.

பேச்சியம்மாள் அதே கேள்வியைக் கண்ணிடம் கொடுத்தாள். கண் நாற்பது நொடியையும் பார்த்துவிட்டு எழுதியது: "விளக்கேற்றம், நடைபெறவில்லை. முதல் பிரிவின்படி மெய்க்கண் இன்னும் பணி தொடங்கவில்லை. இதுவரையிலான பதிவுகள் செல்லா."

மணி ஐந்தடித்தது. மாடத்தியின் ஆணையை அச்சிட வேண்டிய பொறி, ஆதாரமாகக் காட்டச் செல்லும் பதிவு ஒன்றும் இல்லாததால், வெள்ளைத்தாளை வெளியே தள்ளியது. நெல்லையப்பன் அதை எடுத்து, இரண்டாக மடித்து, எதற்கோ சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"நான் ஏற்றினேன்" என்றார் ஆணையர். "மெழுகுவர்த்தி என் கையில்தானே இருக்கிறது? இன்னொரு முறை போடுங்கள்."

இன்னொரு முறை போட்டாள். மெழுகுவர்த்தியும் எரியவில்லை. அன்று தலைக்கு மேல் சுழன்ற மின்விசிறியை யாரும் நிறுத்தியிருக்கவில்லை.