தந்தம் தேய்க்கும் சத்தம்

அலமாரிக்குள் இருந்த எல்லாம் மங்கிப்போயிருந்தன. அந்தச் சின்ன மனிதன் மட்டும் பளபளத்தான்.

கீர்த்திகன் குளிர்கோட்டைக் கழற்றாமல் கண்ணாடிக்கு முன்னால் நின்றான். வேலையால் வந்தால் நேரே சமையலறைக்குப் போவான். இன்றைக்கு விளக்கைப் போட்டதும் அந்தப் பளபளப்புக் கண்ணில் குத்தியது.

தந்தத்துக்கு மனிதக் கை வேண்டும் என்பாள் அவன் மனைவி கஜந்தினி. கையில் வைத்துத் தேய்க்கத் தேய்க்கத் தோலின் எண்ணெய் இறங்கித் தேன் நிறத்தில் மினுங்கும். விட்டுவிட்டால் சுண்ணாம்புபோல் வெளிறிவிடும். அவள் இறந்தது இலையுதிர் காலத்தில். அவள் வேலைசெய்த பிள்ளைகள் காப்பகமான கார்டெரியில் ஒரு பிள்ளைக்குச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தபோது தலைக்குள் ஒரு நரம்பு வெடித்தது. வீடு இருக்கும் லாசாலில் இப்போது ஆற்றங்கரையெல்லாம் உறைந்து கிடக்கிறது. இவ்வளவு காலமும் அந்த அலமாரியை வேறு யாரும் திறக்கவில்லை. சாவி அவனுடைய கொத்தில்தான் இருந்தது. அவனும் ஒரே ஒரு காரியத்துக்குத்தான் திறப்பான், தண்ணீர் வைக்க.

குளிர்காலத்தில் ஹீற்றர் வீட்டுக் காற்றைக் காயவைத்துவிடும். காய்ந்த காற்றில் பழைய தந்தம் பிளந்துபோகும். அதனால் தந்தம் சேர்ப்பவர்கள் அலமாரி மூலையில் ஒரு கிளாஸ் தண்ணீர் வைப்பார்கள். அவள் செத்த பிறகு அவளுடைய படத்துக்கு முன்னாலும் விளக்கும் ஒரு கிளாஸ் தண்ணீரும் இருந்தன. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த அன்று அவனுடைய அக்கா செல்வமலர் வந்து விளக்கை எடுத்தாள், தண்ணீரை ஊற்றினாள், இனி வைக்கக்கூடாது என்றாள். அலமாரிக்குள் இருந்த தண்ணீரை அவள் கவனிக்கவில்லை. அவனும் யோசிக்கவில்லை. செடிக்கு ஊற்றுவதுபோல அதற்கு ஊற்றிக்கொண்டே வந்தான்.

அலமாரி நிறைய அவள் சேர்த்தவை. கரடி, மீன், தோடுகள், எலும்பு மணிமாலை. எல்லாம் வடக்கே நுனாவிக்கில் செதுக்கியவை. பலநூறு வருடம் உறைந்த மண்ணுக்குள் கிடந்து பழுப்பேறிய, வால்ரஸ் என்னும் கடல்விலங்கின் தந்தம். அந்த மனிதன் பெருவிரல் அளவுதான். கை இல்லை, நீண்ட முகம். தொலைக்காட்சி பார்க்கும்போதும் படுக்கையிலும் அதை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டே ஏதோ முனகுவாள். அந்த நேரம் அவளுடைய கையைப் பிடிக்கப் போனால் மற்றக் கையைத் தருவாள்.

அலமாரியைத் திறந்தான். கரடி குளிர்ந்திருந்தது. மீன் குளிர்ந்திருந்தது. மனிதன் சூடாக இருந்தான், இப்போதுதான் யாரோ கையிலிருந்து இறக்கி வைத்ததுபோல. காலையில் நிரப்பிய கிளாஸில் பாதித் தண்ணீர் இல்லை. விளிம்பில் ஒரு கீழுதட்டின் தடம்.

பயப்பட வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. பயம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. அவள் வீட்டுக்கு வருகிறாள். பிறகு படுக்கையறைக்குப் போய்ப் பார்த்தான். அவளுடைய தலையணை அவன் வைத்தபடியே கிடந்தது. கலியாணப் படத்தின் மேல் தூசி, அதில் ஒரு விரல் அடையாளம்கூட இல்லை.

அவள் வருகிறாள். ஆனால் அவனிடம் இல்லை.

அடுத்த நாளிலிருந்து வேலையால் நேரத்தோடு வந்தான். இஞ்சி போட்டுத் தேநீர் ஊற்றிக் கட்டிலருகே வைத்தான். அது ஆடை கட்டிக் கிடந்தது. மாலை நாலரைக்கே இருட்டிவிடும். விளக்கைப் போடாமல் சோபாவில் உட்கார்ந்திருப்பான். ஹீற்றர் சூடேறி நெட்டி முறிப்பதுபோல் முறுகும், பக்கத்து வீட்டில் யாரோ பிரெஞ்சில் செய்தி வாசிப்பார்கள், தெருவில் பனி அள்ளும் வண்டி ஊளையிட்டபடி கடந்து போகும். அதெல்லாம் அடங்கிய பிறகு முதலில் ஒரு வாசம் வரும். கார்டெரியில் கை கழுவும் மருந்தின் வாசம், அதற்கு அடியில் ஈரமண். அலமாரிக் கண்ணாடி மெல்ல நகரும். பிறகு அந்தச் சத்தம், காய்ந்த பெருவிரல் வழவழப்பான ஒன்றின் மேல் போய்ப் போய் வருவது. கூடவே முனகல்.

“கஜா,” என்றான் ஒருநாள்.

சத்தம் நின்றது. அவன் வாயை மூடும்வரை காத்திருந்தது. பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.

அக்கா பியர்பொன்ட்ஸிலிருந்து போன் எடுத்தாள்.

“என்னடா, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு? இன்னும் தண்ணி கிண்ணி வைக்கிறியே?”

“இல்லை அக்கா.”

“வைக்காதை. குடுத்துக் குடுத்துக் கூப்பிட்டால் வருவினம்தான். வந்து என்னத்தைத் தேடுவினமோ ஆருக்குத் தெரியும்?”

அவன் போனை வைத்துவிட்டு றெக்ஸ் அண்ணையை அழைத்தான். றெக்ஸ் பஸ் ஓட்டுகிறவர், அஹுன்ட்சிக்கில் வீடு. கஜந்தினியைப் போலவே தந்தப் பைத்தியம். சனிக்கிழமைகளில் இருவரும் பழம்பொருள் சந்தைகளில் அலைவார்கள். கேட்டவர் மறுநாள் மத்தியானமே பெட்டியோடு வந்து நின்றார்.

“எல்லாத்தையுமோ? உண்மையாவோ தம்பி?”

“எல்லாத்தையும் அண்ணை. எலும்பெண்டு இந்த வீட்டிலை ஒண்டும் இருக்கக்கூடாது.”

றெக்ஸ் ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றினார். ஒரு தோட்டை எடுத்து முன்பல்லில் மெல்லத் தட்டினார். “கேட்டுதே? பிளாஸ்டிக் எண்டால் மெத்தெண்டிருக்கும். இது பல்லோடை பல்லுக் கதைக்கிற மாதிரி.” போன் வெளிச்சத்தைப் பின்னால் பிடித்தார். தந்தத்துக்குள் வெந்த சவ்வரிசிபோல் மணிமணியாகத் தெரிந்தது. “இது வால்ரஸிலை மட்டும்தான். எனக்கு லைற் வேணும். உன்ரை மனிசி இருட்டிலை தடவியே சொல்லிப்போடுவாள்.”

கடைசியாகச் சின்ன மனிதனை எடுத்தார். கையில் உருட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“இவரும் வாறாரோ! எத்தினை தரம் கெஞ்சினனான். ‘கீர்த்தியை வேணுமெண்டால் கொண்டுபோங்கோ அண்ணை, இவரைத் தரமாட்டன்’ எண்டவள்.”

கீர்த்திகன் சுற்றுவதற்கு ஒரு துணியை எடுத்து நீட்டினான்.

“பகிடிக்குச் சொன்னதடாப்பா.”

“தெரியும் அண்ணை.”

“என்ரை மனிசி கொத்துரொட்டி போடுறாள். வாவன் வீட்டை. தனிய இருந்து என்ன செய்யப்போறாய்?”

“பேந்து வாறன்.”

றெக்ஸ் வாசலில் பூட்ஸை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தார். “அந்தத் தண்ணியையும் எடுத்து ஊத்து. இனி ஆருக்கு?”

“ஓம்.”

கதவு சாத்தியது. பெட்டி படியிறங்கிப் போனது. கார் புறப்பட்டது.

கீர்த்திகன் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினான். குழாயைத் திறந்து கிளாஸை விளிம்புவரை மீண்டும் நிரப்பினான். வெற்று அலமாரியில் வைக்கவில்லை. சோபாப் பக்கத்தில், தன் முழங்கையருகே வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

இனி அவள் யாரைத் தொடுவாள்?

வெளியே பனி கொட்டத் தொடங்கியது. ஜன்னலுக்கு நேரே தெருவிளக்கு எரிந்தது. அறைக்குள் மஞ்சளாக ஒரு பட்டை வெளிச்சம் விழுந்து, அதற்கு அப்பால் இருட்டுத் தடித்துக்கொண்டே வந்தது. ஹீற்றர் முறுகுவதுகூட நின்றுவிட்டது.

மருந்து வாசம். ஈரமண்.

அலமாரிக் கண்ணாடி நகர்ந்தது. வெற்றுத் தட்டில் விரல்கள் ஊர்ந்தன. மேல்தட்டு. நடுத்தட்டு. கீழ்த்தட்டு. மறுபடியும் மேல்தட்டு. அவசரமில்லாமல். அவன் வாயைத் திறக்கவில்லை. இந்தமுறை காத்திருந்தவன் அவன்தான்.

விரல்கள் நின்றன.

கிளாஸில் தண்ணீர் இறங்கியது. யாரோ விழுங்கும் சத்தம், காதுக்கு மிக அருகில்.

பிறகு தொட்டாள்.

குளிர்ந்த விரல்கள், ஆனால் அவளுடையவை. முகத்தை நீட்டினான். கன்னத்தில் நிற்கவில்லை. தாடை எலும்பு. கழுத்து. தோளின் முனை. முழங்கை. மணிக்கட்டில் எலும்பு முட்டிநிற்கும் இடம். அங்கே நின்றன. பெருவிரல் வட்டமாகத் தேய்க்கத் தொடங்கியது. இத்தனை மாதமும் வராத அழுகை அவனுக்கு வந்தது. தோற்றவன் றெக்ஸின் பெட்டிக்குள் துணி சுற்றிக் கிடக்கிறான்.

அவனுடைய கை உயர்ந்தது. ஒரு வாய்க்கு அருகே போனது. விரல் மூட்டில் பல் தட்டியது.

மெத்தென்று.

மறுபடியும் தட்டியது. மெத்தென்று. அவள் மூச்சுவிட்டாள். சந்தையில் போலிகளைக் கீழே வைக்கும்போது விடும் அதே மூச்சு. பிடி தளர்ந்தது.

போய்விடுவாள்.

“உள்ளுக்குள்ளை இருக்கு, கஜா,” என்றான்.

பிடி இறுகியது. மணிக்கட்டைச் சுற்றி நகங்கள் இறங்கின. குளிருக்குள்ளிருந்து வந்த பிள்ளைகளின் நனைந்த கையுறையைக் கழற்றுவதுபோல, விரல் விரலாக, பொறுமையாக இழுத்தாள். அவன் கத்தவில்லை. கத்தினால் நிறுத்திவிடுவாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, கை ஆடாமல் பிடித்திருந்தான்.

தோல் கழன்று வந்தது.

அவள் அவனுடைய கையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். ஈரம் சொட்டியது. வெள்ளை. அதன் மேல் குனிந்தபோதுதான் அவளுடைய முகம் தெரிந்தது. கண் எடுக்காமல், புன்னகையோடு, அவனை ஒருநாளும் பார்த்திராத பாசத்தோடு அவள் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பல் தட்டியது.

இந்தமுறை சத்தம் சுத்தமாகக் கேட்டது.