தழும்பில்லாத அறுவை

கிளைப்பி என்ற மென்பொருள் வந்த பிறகு எதை அழிக்கவும் யாருக்கும் கை நடுங்குவதில்லை. சிறுநீரகத்துக்காகக் காத்திருப்போரின் தரவுத்தளத்தை அது கண் இமைக்கும் நேரத்தில் அச்சு அசலாகப் பிரதி எடுத்துவிடும். நிஜத் தரவுக்குப் பெயர் தண்டு; பிரதிக்குப் பெயர் கிளை. கிளையில் என்ன கூத்தடித்தாலும் தண்டுக்கு ஒன்றும் ஆகாது. அதனால் வரிசையின் முதல் ஆளைத் தூக்கிவிட்டு சிறுநீரகம் ஒதுக்கும் மென்பொருள் என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் பூங்கோதையின் அலுவலகத்தில் தினமும் பிள்ளையார் சுழி.

அன்று அவள் ஆளைத் தூக்கியது தண்டில். திரையின் மூலையில் 'தண்டு' என்றுதான் எழுதியிருந்தது, அவள்தான் பார்க்கவில்லை. பஸ் ஓட்டுநர் மாசிலாமணிக்குச் சேரவேண்டிய சிறுநீரகம் மதியத்துக்குள் வேறொருவர் உடம்பில் இருந்தது.

மேலாளர் ஜெபராஜிடம் ஓடினாள்.

"சார், ஒரு மனுஷனோட உயிரு சார்!"

"கத்தாதம்மா. காலையில எடுத்த கிளையில அவர் பேரு அப்படியே இருக்கும்ல? அதையே தண்டா மாத்திடு. எதுவுமே நடக்கல."

மாற்றினாள். வேலை போய்விடுமே என்ற பயம்தான், வேறு காரணம் இல்லை. அதன்பின் சோறு இறங்கவில்லை. தன்னைத் தானே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது. மறுநாள் உண்மையைச் சொல்லிவிடுவதென்று மாசிலாமணி சிகிச்சை பெறும் கோவை மருத்துவமனைக்கே போனாள்.

அங்கே கால்கள் வீங்கிய ஒருவர் அதிகாரியின் மேசை முன் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"மாசிலாமணி, உங்களுக்குத்தான் கிட்னி வெச்சாச்சுங்களே. இனி எதுக்குங்க டயாலிசிஸ்?" என்றார் அதிகாரி.

பூங்கோதைக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தக் கிளையில் சோதனை நிரல் முன்பே ஓடி முடிந்து, இவருக்குச் சிறுநீரகம் வைத்தாயிற்று என்று பதிந்திருக்கிறது. பொய்யான அறுவை சிகிச்சை, பொய்யான குணம். இப்போது அதுதான் தண்டு.

"சார், தப்பு என்னோடது. இவருக்கு ஆபரேஷன் நடக்கவே இல்ல. நான்தான்..." அழுகையினூடே எல்லாவற்றையும் கொட்டினாள்.

அதிகாரி பொறுமையாகத் திரையைச் சரிபார்த்தார். "எல்லாம் சரியாத்தானுங்க இருக்கு. நீங்க ஏதோ கிளையில பார்த்திருப்பீங்க. மனசைப் போட்டு ஒழப்பிக்காதீங்க அம்மிணி."

மாசிலாமணி சட்டையைத் தூக்கி, கத்தி படாத வயிற்றைக் காட்டினார்.

அதிகாரி எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட, தழும்புகூடத் தெரியலீங்களே! நம்ம டாக்டருங்க கெட்டிக்காரங்கதான்."